பரண்மேல் கிடப்பது ஊதுகுழலா... துப்பாக்கிக் குழலா?

பழைய வீட்டை இடிக்கும்போதோ, கிணற்றைத் தூர்வாரும்போதோ நீளமான இரும்புக் குழாய் ஒன்று கிடைக்கிறது. அடுப்பூதும் ஊதுகுழல் என்று நினைத்து பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவது சுலபம். ஆனால், ஊதுகுழல் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஒரு முனை அடைபட்டு, அதன் அருகே பக்கவாட்டில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தால்... அது துப்பாக்கிக் குழல்! அந்தத் துளை வழியாகத்தான் நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும்.

பெரம்பலூர், அரியலூர் மண்ணில் இப்படி ஒன்று கிடைத்தால் ஆச்சர்யப்பட ஒன்றுமில்லை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1751-ல் இந்த வட்டாரத்தில் வாலிகண்டபுரம் சண்டை நடந்தது. ஒரு பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபக்கம் முகமது அலியும் ஆங்கிலேயரும். அன்று தோற்றுப் பின்வாங்கியது ஆங்கிலேயப் படை. அந்தப் படையில் இளைஞர் ராபர்ட் கிளைவும் இருந்தார். அரியலூர் பக்கம் வந்தால், உடையார்பாளையம் ஜமீன்தார்களின் பட்டப்பெயரே ‘காலாட்கள் தோழ உடையார்’!

சரி, அது யாருடைய குழல்? முதலில் வாயின் உள் அகலத்தை அளக்க வேண்டும். ஆங்கிலேயரின் ‘பிரவுன் பெஸ்’ என்றால் சுமார் 19 மி.மீ., பிரெஞ்சுத் துப்பாக்கி என்றால் சுமார் 17.5 மி.மீ. துரு அரித்திருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அப்போது முத்திரைதான் கைகொடுக்கும். கிழக்கிந்திய கம்பெனி முதலில் இதய வடிவக் கட்டத்துக்குள் தன் எழுத்துகளைப் பொறித்தது. 1808-க்குப் பிறகு, பின்னங்காலில் நிற்கும் சிங்கம்.

நம் ஊர்க் கொல்லர்கள் செய்த திரித் துப்பாக்கியில் இந்த முத்திரைகள் இருக்காது. கனமான குழல், பலவற்றில் எட்டுப் பட்டை, துளையை ஒட்டி மருந்து வைக்கும் சின்னக் கிண்ணம். இரும்புப் பட்டையைக் கயிறுபோலச் சுற்றி, காய்ச்சி அடித்துச் செய்த குழல்களில் அந்தச் சுருள் வரி தெரியும். குழலை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிடவும் முடியாது. மொராக்கோவின் நீண்ட துப்பாக்கிகள் சிலவற்றில் கட்டை உள்ளூர் வேலை, குழல் ஐரோப்பாவில் இருந்து வந்தது!

முக்கியமான விஷயம், உள்ளே மருந்து இன்னமும் இருக்கலாம். நூறு வருஷம் ஆனாலும் வெடிமருந்து சாகாது. இறுகிப்போன அடைப்பைத் திறக்க நெருப்பில் காட்டுவது, வெல்டிங் வைப்பது, அறுப்பது எல்லாமே உயிருக்கு ஆபத்து. வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, அப்படியே வைத்துவிட்டு போலீஸுக்குச் சொல்வதுதான் சரி.

உள்ளே ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகும் உப்புத்தாளும் ஆசிடும் வேண்டாம். பளபளவென்று ஆக்கினால் முத்திரையும் சுருள் வரியும் துருவோடு சேர்ந்து போய்விடும். பாதுகாப்பு நிபுணர்கள் மினரல் எண்ணெயில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் உதிரும் துருவை மட்டும் எடுப்பார்கள். பிறகு டானிக் அமிலம் பூசினால், மிச்சத் துரு கறுத்து நிலைத்துவிடும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து கறுப்பு மையாகிற அதே வித்தைதான் இது. கடைசியில் மெழுகுப் பூச்சு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புக் கூடம் 1930-ல் இருந்து இருக்கிறது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மண்ணுக்குள் இருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால், 1878-ம் வருடப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருப்பதாக இருந்தாலும், ‘பழசுதானே’ என்று விட முடியாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில் விலக்கு. சுடக்கூடிய நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். எது எந்த வகை என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குழல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.