நிலவு யாருடைய தரிசு நிலம்?



ரமளானின் தலைப்பிறையையும் பெருநாள் பிறையையும் மேல்வானில் தேடித் தேடிப் பழகியவர்கள் நாம். நோன்பையும் ஹஜ்ஜையும் கணக்கிட்டுக் கொள்ள அல்லாஹ் அமைத்துத் தந்த காலக்காட்டியாகவே நிலவை அறிந்திருக்கிறோம். அந்த நிலவில் மனிதர் தங்கி வாழ்வதற்கான குடியிருப்புகளை உலக நாடுகள் இன்று திட்டமிட்டு வருகின்றன. "இதில் நமக்கென்ன வேலை?" என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. அங்கே எழவிருக்கும் முதல் கேள்வியே நம் ஃபிக்ஹ் நூல்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வரும் கேள்விதான்.

முதலில் அந்த நிலத்தின் தன்மையைப் பார்ப்போம். நிலவில் காற்று இல்லை. பகல் ஏறத்தாழ 14 நாட்கள், இரவு ஏறத்தாழ 14 நாட்கள். நடுக்கோட்டுப் பகுதியில் நண்பகல் வெப்பம் 120 பாகை செல்சியஸை எட்டுகிறது. இரவில் அது சுழிக்குக் கீழே 130 பாகைக்கும் இறங்குகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 தன் பணியை முடித்து உறங்கச் சென்ற பின், அந்த நீண்ட இரவைத் தாண்டி மீண்டும் கண்விழிக்கவில்லை. இயந்திரத்துக்கே இந்த நிலை என்றால் மனிதனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கதிர்வீச்சிலிருந்தும் விண்கல் துகள்களிலிருந்தும் காத்துக்கொள்ள, வீட்டின் மேல் சில மீட்டர் கனத்துக்கு மண்ணைப் போர்த்த வேண்டும். அல்லது பழைய எரிமலைக் குழம்பு ஓடிய குகைகளுக்குள் குடியேற வேண்டும். செங்கல்லும் சிமெண்டும் இங்கிருந்து கொண்டுபோவது கட்டுபடியாகாது. ஆகவே அங்குள்ள மண்ணையே கட்டுமானப் பொருளாக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஓர் ஆய்வில், நிலவு மண்ணை ஒத்த பொருளைக் கொண்டு முப்பரிமாண அச்சு முறையில் 1.5 டன் எடையுள்ள கட்டுமானப் பாளம் ஒன்று 2013ஆம் ஆண்டிலேயே உருவாக்கிக் காட்டப்பட்டது. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைக்கும் இவ்வகை ஆய்வில் பங்குண்டு. அது நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், அதைப் பொடித்த மண்ணில்தான் இஸ்ரோ தன் தரையிறங்கு கலங்களைச் சோதித்தது.

வீட்டைக் கட்டிவிடலாம். தண்ணீர்? நிலவின் துருவங்களில், கதிரவன் ஒருபோதும் எட்டிப் பாராத ஆழ்பள்ளங்களில் பனிக்கட்டி உறைந்திருக்கிறது. அதன் அருகிலேயே ஆண்டின் பெரும்பகுதி வெயில் விழும் மேடுகளும் உள்ளன. குடிக்க நீர், சுவாசிக்க உயிர்வளி, ஊர்திக்கு எரிபொருள் ஆகிய மூன்றும் அந்தப் பனியிலிருந்து கிடைக்கும். மின்சாரம் அந்த மேடுகளிலிருந்து கிடைக்கும். ஆனால் நிலவு முழுவதிலும் இத்தகைய இடங்கள் மிகச் சிலவே. எல்லா நாடுகளின் பார்வையும் தென்துருவத்தின் மீதே நிலைத்திருப்பதன் காரணம் இதுதான்.

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், எந்த நாடும் நிலவைத் தன் உடைமையாக்கிக்கொள்ள முடியாது என்கிறது. நிலவின் வளம் மனித குலம் முழுமைக்கும் பொது என்று அறிவித்த 1979ஆம் ஆண்டின் நிலவு உடன்படிக்கையை ஏற்று நடைமுறைப்படுத்த முன்வந்த நாடுகளோ இருபதைக்கூடத் தாண்டவில்லை. அதில் இணைந்திருந்த சவூதி அரேபியாவும் பின்னர் விலகிக்கொண்டது. 2020இல் உருவான ஆர்ட்டெமிஸ் உடன்பாடு, வளங்களை அகழ்ந்தெடுப்பது நிலத்தை உடைமையாக்குவதாகாது என்று கூறி, பணியிடத்தைச் சுற்றிப் 'பாதுகாப்பு வளையம்' அமைக்கவும் இடம் தருகிறது. ஐக்கிய அரபு அமீரகமும் இந்தியாவும் இதில் கையொப்பமிட்டுள்ளன. வளையம் சிறியதாயின் அது பாதுகாப்பு; இருக்கும் ஒரே பனிப்பள்ளத்தையே சுற்றி வளைத்தால் அதற்கு என்ன பெயர்?

இங்கேதான் நம் மார்க்கச் சட்டம் பேசத் தொடங்குகிறது. உரிமையாளர் இல்லாத தரிசை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்பது நபிமொழி வழி வந்த விதி. அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தேவையில்லை என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). இவ்விரு மத்ஹபுகளும் நம் தமிழ் மஹல்லாக்களில் வாழ்பவையே. மேலோட்டமாகப் பார்த்தால், முதலில் சென்று கொடி நட்டவருக்கே நிலவு சொந்தம் என்று இவ்விதி கூறுவதுபோல் தோன்றலாம்.

ஆனால் விதி அத்தோடு முடிந்துவிடவில்லை. யமன் நாட்டு மஃரிபில் இருந்த உப்பளத்தை அப்யள் பின் ஹம்மால் (ரலி) தமக்குக் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத நீரூற்றைப் போன்று எவரும் எளிதில் அள்ளிக்கொள்ளக்கூடிய வளம் என்று எடுத்துரைக்கப்பட்டதும், கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிலால் பின் ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்த அகீக் நிலத்தில், அவரால் பயிரிட முடியாத பகுதியை உமர் (ரலி) மீட்டு மக்களுக்குப் பகிர்ந்தளித்தார்கள். வெறுமனே கல் நட்டு எல்லை குறித்தவருக்கு முன்னுரிமை உண்டு. மூன்றாண்டுகள் தரிசாகவே போட்டிருந்தால் அதுவும் போய்விடும். உழைப்புக்கு உரிமை உண்டு, பொதுவளத்தை முடக்கி வைப்பதற்கு இல்லை என்பதே இவற்றின் சாரம். நிலவின் பனிப்பள்ளங்களும் வெயில் மேடுகளும் மஃரிபின் உப்பளம் போன்றவை என்பது எங்கள் கருத்து.

மற்றொன்று நம் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது. வளைகுடாவில் கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, ஊருக்குத் திரும்ப அவர் தயவுக்குக் காத்திருந்த தந்தையரும் சகோதரரும் நம் குடும்பங்களில் உண்டு. நிலவில் வேலை செய்யப் போகும் தொழிலாளிக்கு ஊர் திரும்பும் கலம் மட்டுமன்று, சுவாசிக்கும் காற்றும் முதலாளியின் கையிலேயே இருக்கும். கூலித் தகராறு என்றால் அவர் எங்கே போவார்? தாகித்தவனுக்குக் கிணற்றின் உபரி நீரை மறுக்கக் கிணற்றுக்காரனுக்கும் உரிமையில்லை என்கிறது ஃபிக்ஹ். நிலவுக் குடியிருப்பின் வரைபடத்திலேயே இந்த நீதி இடம்பெற வேண்டும். காற்றும் நீரும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கலாகாது. திரும்பிச் செல்லும் இருக்கை ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலிருந்தே உறுதி செய்யப்பட வேண்டும்.

வணக்க வழிபாடுகளைப் பற்றிய கவலை பலருக்கு எழலாம். 2007ஆம் ஆண்டு ரமளானில் மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகூர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது, அந்நாட்டு அறிஞர்கள் கூடித் தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் வழிகாட்டு நெறிகள் வகுத்தார்கள். நிலவில் இது இன்னும் எளிது. நம்மை நோக்கிய பக்கத்தில் நிற்பவருக்குப் பூமி வானில் ஏறத்தாழ ஒரே இடத்திலேயே தெரியும். ஆகவே கிப்லாவின் திசையும் பெரிதாக மாறாது. உளூச் செய்த நீரும் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகத் திரும்பி வரும் அந்த ஊரில், வீண்விரயம் கூடாது என்ற போதனையை எவரும் நினைவூட்ட வேண்டியிராது. இபாதத்தின் சட்டங்களுக்கு நம் அறிஞர்கள் விடை கண்டுவிடுவார்கள். அடியார்களின் உரிமைகளே நம்மை அஞ்ச வைக்கின்றன.

பூமியில் பசி தீராதபோது நிலவு எதற்கு என்று கேட்பவர்களின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் நாம் போகாவிட்டாலும் பிறர் போவார்கள். விதிகள் நம்மைக் கேளாமலேயே எழுதப்படும். ஆகவே பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள் ஃபிக்ஹையும், மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் பன்னாட்டுச் சட்டத்தையும் கொஞ்சம் அறியட்டும். இனி வரும் பிறை இரவுகளில் பிள்ளைகளுக்குப் பிறையைக் காட்டும்போது மஃரிபின் உப்பளத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். நிலவும் ஓர் அமானிதமே.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.