இல்லமும் இசையும்: ஆலயக் கித்தாருக்கு ஏற்ற தந்தி எது?



கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். கல்வராயன் மலையில் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் அமைந்த சிற்றூர்களிலோ அந்நாள்களில் ஈரக்காற்று வீட்டினுள்ளும் புகுந்துவிடும். நம் பாடற்குழுக்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பயிற்சி செய்வதும் இதே நாள்களில்தான். கித்தார் மிகுதியாக ஒலிக்க வேண்டிய காலமே அதன் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கும் காலமாகவும் அமைந்துவிடுகிறது. நள்ளிரவுத் திருப்பலியின் நடுவே தந்தி அறுந்தால், வெள்ளிமலையிலிருந்து இறங்கி இசைக்கருவிக் கடையைத் தேட இயலுமோ? ஆகவே, காப்புறை பூசிய தந்திகள் விலைக்குத் தகுந்த பயன் தருமா என்று பாடற்குழு இளைஞர் கேட்பது நியாயமான கேள்வியே.

விடை காணுமுன் நம் கித்தார் எவ்வகையது என்று அறிய வேண்டும். நைலான் தந்திக்கென மெல்லிய பலகையில் செய்யப்பட்ட கித்தாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் பூட்டலாகாது. பலகையில் ஒட்டியுள்ள குதிரை பெயர்ந்துவிடும். மேற்பலகை சற்றே வளைந்து, வயலினில் உள்ளதுபோல் நெளிந்த இரு துளைகளுடன், தந்திகள் அடிப்பகுதியில் உள்ள உலோகத் தகட்டில் மாட்டப்பட்டிருந்தால், அது ஜாஸ் கித்தாரின் அமைப்பாகும். அமெரிக்காவில் கிப்சன் நிறுவனம் 1922இல் வெளியிட்ட 'எல்-5' இவ்வமைப்புக்கு முன்னோடி. 1936இல் அந்நிறுவனம் தந்தியதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப் பொருத்திய 'இ.எஸ்.150' கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டிலே கல்கத்தாவின் கார்ல்டன் கிட்டோ (1942–2016) இத்தகைய உள்ளீடற்ற கித்தாரில் ஜாஸ் இசைத்துப் புகழ்பெற்றார். கல்கத்தாவில் செய்யப்பட்ட மலிவு விலைக் கித்தார்கள் பலவும் இவ்வமைப்பைத் தழுவியவை. ஆலயத்தில் உள்ள பழைய கருவியை ஒருமுறை உற்று நோக்குங்கள்.

இனி, தந்தியைக் காண்போம். ஆறு தந்திகளில் தடித்தவை, எஃகு நடுக்கம்பியின்மேல் வேறோர் உலோகக் கம்பியைச் சுற்றிச் செய்யப்படுபவை. விரலின் வியர்வையில் உள்ள உப்பும் அழுக்கும் அச்சுற்றுகளின் இடுக்கில் தங்கி, ஈரத்துடன் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. ஒலி மங்குகிறது, சுருதியும் தவறுகிறது. இதைத் தடுக்கவே மெல்லிய காப்புறை. 1997இல் கோர் நிறுவனம் 'எலிக்சர்' என்னும் பெயரில் இத்தகைய தந்திகளை விற்கத் தொடங்கிற்று. ஒட்டாத தோசைக்கல்லில் பூசப்படும் அதே வகைப் பொருளே இங்கும் மெல்லிய படலமாகப் பயன்படுகிறது. மெல்லிய தனிக்கம்பிகளுக்குப் படலம் இடாமல், துருக்காப்பு முலாம் மட்டும் பூசுவதும் உண்டு. வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள்.

ஆயினும் காப்புறை ஒன்றையே நோக்கி வாங்கிவிடுவது தவறாகும். அதன் உள்ளே இருக்கும் உலோகமே முதன்மையானது. கித்தாரில் காந்தப் பிக்கப் இருந்தால் நிக்கல் அல்லது எஃகு சுற்றிய தந்தியே வேண்டும். வெண்கலச் சுற்று காந்தத்துக்கு இசையாததால், ஒலிபெருக்கியில் தடித்த தந்திகளின் ஓசை மெலிந்துவிடும். பிக்கப் இன்றி ஆலயத்தில் நேரே இசைப்பதாயின் வெண்கலத் தந்தியே நன்கு முழங்கும். இனி, தட்டைச் சுற்றுத் தந்தி என்பதும் ஒன்றுண்டு. இதில் சுற்றுக்கம்பி நாடாபோல் தட்டையாக இருப்பதால் அழுக்கு தங்கும் இடுக்கு குறைவு. விரல் வழுக்கும்போது எழும் கீச்சொலியும் இராது. ஜாஸ் கலைஞர் பலர் விரும்பும் மென்மையான, அடங்கிய ஒலி இதற்கு உண்டு. காப்புறை இல்லாமலே நெடுநாள் உழைக்கும். பலர் கூடிப் பாடுகையில் தெளிவாகக் கேட்க வேண்டுமெனில், காப்புறையிட்ட உருளைச் சுற்றே மேல்.

தடிமனையும் கவனிக்க வேண்டும். முதல் தந்தி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.30 மில்லிமீட்டர் கொண்ட தொகுதியைச் சுருதி கூட்டினால், ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கும். மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சியில், மரம் எவ்வளவு தாங்கும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. கழுத்து வளைந்த பழைய கருவிக்கும் பிள்ளைகளின் பிஞ்சு விரலுக்கும் 11 அல்லது 10 அளவே போதுமானது.

செலவு பற்றி ஒரு சொல். காப்புறைத் தந்தி சாதாரணத் தந்தியைவிட இரண்டு மூன்று மடங்கு விலை பெறலாம். கடை அருகில் இருந்து, தந்தியை அடிக்கடி மாற்ற இயலும் பங்குக்குச் சாதாரணத் தந்தியே சிக்கனம். மலையூர்ச் சிற்றாலயத்துக்கோ, கருவியைப் பலர் மாறி மாறித் தொடும் குழுவுக்கோ காப்புறைத் தந்தி வீண்செலவன்று. காணிக்கைப் பணத்தில் வாங்குவதாதலின் இக்கணக்கைக் குழுவினர் கூடிப் பார்ப்பது நன்று.

எதை வாங்கினும் பேணுதல் ஒன்றே. கை கழுவிய பின் வாசியுங்கள். வாசித்த பின் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தேங்காயெண்ணெயும் உப்புத்தாளும் வேண்டா. உப்புத்தாள் காப்புறையைக் கிழித்துவிடும். ஜாஸ் கித்தாரின் குதிரை பலகையில் ஒட்டப்படாமல் தந்திகளின் அழுத்தத்தாலேயே நிற்பது. ஆகையால் ஆறையும் ஒருசேரக் கழற்றாது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். புதுத் தந்தி நீண்டு நிலைபெறச் சில நாள்கள் ஆகும். எனவே திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே மாற்றிவிட்டு, மெல்லிய முதல் தந்தி ஒன்றை உபரியாகக் கித்தார் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். விழா இரவில் கடையைத் தேட நேராது.