அறுந்த அழைப்புக்கு யார் பொறுப்பு?

செல்பேசி அழைப்புகள் பாதியில் அறுந்துபோவது குறித்து நாடாளுமன்றத்தில் எப்போது கேள்வி எழுந்தாலும், துறை அமைச்சர்களின் பதில் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கிறது. இத்தனை கோபுரங்கள் நிறுவப்பட்டுள்ளன, முறிவுகள் 2 சதவீத வரம்புக்குள் உள்ளன, தவறிய நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. ஆளும் கட்சி மாறினாலும் பதில் மாறுவதில்லை. எத்தனை அழைப்புகள் அறுந்தன என்று கேட்கும் உறுப்பினர்கள், அவை ஏன் அறுந்தன என்று கேட்பது அரிது.

இந்தக் கேள்வியைக் கேட்காததன் விலை 2016-இல் தெரிந்தது. அறுந்த அழைப்பு ஒன்றுக்கு 1 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு 3 அழைப்புகள் வரை வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 அக்டோபரில் விதி வகுத்தது. தில்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால், நீதிபதிகள் குரியன் ஜோசப், ரோஹிண்டன் நாரிமன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2016 மே 11-இல் அதை ரத்து செய்தது. சராசரியாக 36.9 சதவீத முறிவுகளுக்கு வாடிக்கையாளர் தரப்பே காரணம் என்று டிராயின் தொழில்நுட்ப ஆவணமே கூறியிருந்தது. அப்படியிருக்க, அனைத்துக்கும் நிறுவனங்களையே பொறுப்பாக்குவது எப்படி நியாயமாகும் என்ற வாதம் எடுபட்டது. மக்களுக்காக இயற்றப்பட்ட விதி, அதை இயற்றிய அமைப்பின் கணக்காலேயே வீழ்ந்ததுதான் விசித்திரம்.

ஆனால், எந்த அழைப்பு யாரால் அறுந்தது என்பது கண்டறிய முடியாத மர்மம் அல்ல. பேசிக்கொண்டே பயணம் செய்பவரின் செல்பேசி, அருகிலுள்ள கோபுரங்களின் அலைவலிமையை இடைவிடாது அளந்து வலையமைப்புக்குத் தெரிவிக்கிறது. அதைக்கொண்டு அழைப்பு ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றிவிடப்படுகிறது. பொறியாளர்கள் 'ஹேண்ட்ஓவர்' என்று குறிப்பிடும் கைமாற்றம் இதுதான். இது பிசகும்போது தடயம் மிஞ்சுகிறது. பழைய கோபுரத்தின் தொடர்பு அறுந்தபின் செல்பேசி அண்டைக் கோபுரத்தில் தலைகாட்டினால், மாற்றம் தாமதமாகியிருக்கிறது. மாறிய சில நொடிகளில் அறுந்து, பழைய கோபுரத்துக்கே திரும்பினால், முன்கூட்டியே மாற்றப்பட்டிருக்கிறது. மூன்றாவது கோபுரம் ஒன்றில் தென்பட்டால், தவறான இடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. செல்பேசி தெரிவிக்கும் கோபுரம் அண்டைப் பட்டியலிலேயே இல்லாவிட்டால், குறை அந்தப் பட்டியலில் உள்ளது. மாறாக, மின்கலம் தீர்ந்து அணைந்த செல்பேசி எந்தக் கோபுரத்திலும் தென்படப் போவதில்லை. எல்லா முறிவுகளையும் இவ்வாறு பிரித்துவிட முடியாதுதான். எனினும், 4ஜி தொழில்நுட்பத் தரநிலைகளிலேயே இந்த வகைப்பாடு இடம்பெற்றிருக்கிறது. இதற்கான பதிவுகள் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன.

இதில் பல குறைகளுக்குப் புதிய கோபுரம் தேவையில்லை. பட்டியலைத் திருத்தினாலோ, மாற்றத்துக்கான அளவுகோலைச் சற்றே நகர்த்தினாலோ போதும். மணிக்கு 160 கி.மீ. வேகத்துக்கென 2016-இல் தொடங்கப்பட்ட கதிமான் எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் ரயில் நொடிக்கு 44 மீட்டர் கடக்கிறது. அரை கிலோமீட்டர் பரப்பைத் தாண்ட 11 நொடிகளே ஆகும். அதற்குள் அளந்து, முடிவெடுத்து, மாற்றியாக வேண்டும். போதாக்குறைக்கு, ஆக்ரா செல்வதற்குள் அந்த ரயில் தில்லி, ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேசம் என மூன்று உரிமப் பகுதிகளைத் தொட்டுவிடுகிறது. அலைக்கற்றை ஏலம் பகுதிவாரியாக நடப்பதால், ஒரே நிறுவனத்துக்கும் எல்லையின் இருபுறத்திலும் வெவ்வேறு அலைவரிசைகள் இருக்கக்கூடும். நாட்டை 22 உரிமப் பகுதிகளாகப் பிரித்தது அரசின் கொள்கை முடிவு. அதன் தொழில்நுட்ப விளைவு பயணியின் காதில் ஒலிக்கிறது.

எண்ணிக்கையை மட்டுமே நம்பினால் வேறொரு ஆபத்தும் உண்டு. தொடர்பு போன பிறகும் அழைப்பை உடனே துண்டிக்காமல், வலையமைப்பு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை 2ஜி-யில் நிறுவனமே தீர்மானிக்கலாம். அந்த நேரத்தைக் கூட்டினால், மறுமுனையில் குரல் கேட்காமல் சலித்துப்போய் வாடிக்கையாளரே இணைப்பைத் துண்டிப்பார். அது முறிவாகப் பதிவாகாது; இயல்பாக முடிந்த அழைப்பாகிவிடும்!

டிராய் கைகட்டி இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பகுதி முழுமைக்குமான சராசரியைக் கைவிட்டு, கோபுரவாரியாகவும் நாள்வாரியாகவும் மதிப்பிடும் முறையை 2017-இல் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள், காலாண்டுக் கணக்குக்குப் பதிலாக மாதாந்தரக் கணக்கை 2025 ஏப்ரல் முதல் கோருகின்றன. முறிவு சதவீதத்துக்குப் பக்கத்தில் காரணத்துக்கும் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்பதே இங்கு வைக்கும் கோரிக்கை. தாமதம் எத்தனை, அவசரம் எத்தனை, பட்டியல் பிழை எத்தனை, எல்லைப் பகுதியில் எத்தனை என்ற விவரத்தை நிறுவனங்கள் அளிக்க வேண்டும். டிராய் அதைத் தணிக்கை செய்து வெளியிட வேண்டும். வணிக ரகசியம் என்ற மறுப்பு எழும். பொதுச் சொத்தான அலைக்கற்றையில் நடக்கும் சேவையின் குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

2016 தீர்ப்பில் நாடாளுமன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள் இருந்தது. துணைச் சட்டங்கள் வெளிப்படையாக இயற்றப்படுவதற்கு, அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற ஒரு நடைமுறைச் சட்டம் தேவை என்று நீதிபதிகள் வலியுறுத்தினர். அத்தகைய சட்டம் வரவில்லை. 2023 டிசம்பர் 18-இல் அறிமுகமான தொலைத்தொடர்பு மசோதா, 20-இல் மக்களவையிலும் 21-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோர் அப்போது இடைநீக்கத்தில் இருந்தனர். அலைக்கற்றை, கண்காணிப்பு அதிகாரம் போன்ற பெரிய விஷயங்களே போதிய விவாதமின்றிப் போன அந்த வாரத்தில், அறுந்த அழைப்பைப் பற்றி யார் பேசியிருக்க முடியும்? கேள்வி நேரம் இன்னமும் இருக்கிறது. அடுத்த முறை அமைச்சர் 2 சதவீதக் கணக்கை வாசிக்கும்போது, துணைக் கேள்வி கேட்கும் உறுப்பினர் அதில் கைமாற்றத்தில் முறிந்தவை எத்தனை என்று கேட்கட்டும்.