ஆமைக்குப் பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி

"அண்ணா, ஆமைக்கு ஒரு பெட்டி கட்டணும். டெம்பரேச்சர் கண்ட்ரோல் மட்டும் நீங்க பாத்துக்கோங்க."

போன செமஸ்டர்ல ஒரு ஜூனியர் இப்படி வந்து நின்னப்போ எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வழக்கமா எல்லாரும் கேக்குறது தானியங்கி செடி நீர்ப்பாசனம். அதுக்கு இது எவ்வளவோ மேல். அப்புறம் அவன் போன்ல போட்டோவைக் காட்டினான். கறுப்பு ஓடு, ஒவ்வொரு மேட்டிலும் நடுவுல இருந்து கிளம்புற மஞ்சள் கோடுகள். நட்சத்திர ஆமை. "வீட்ல இருந்தா ராசின்னு சொல்லிக் குடுத்தாங்கண்ணா."

நம்ம ஊர்ல பழமொழியே வேற மாதிரி: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. பாட்டிமார் சொன்னப்போ ஆமை பாவம், அது என்ன பண்ணுச்சுன்னு நெனச்சிருப்போம். இன்னைக்கு அந்தப் பழமொழி சட்டப்படியே உண்மை ஆயிடுச்சு. ஆமை உள்ள வந்தா, பின்னாடியே அமீனாவும் வருவார், காக்கியில.

விஷயம் என்னன்னா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கு. அதுல நட்சத்திர ஆமை அட்டவணை 1-ல இருக்கு. புலி இருக்குற அதே அட்டவணை. வச்சிருந்து மாட்டினா குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. "நான் பிடிக்கல, வாங்கினேன்", "நல்லா பாத்துக்குறேன்" இதெல்லாம் அங்க எடுபடாது.

"ஒரே ஒரு ஆமைதானே"ன்னு உங்களுக்குத் தோணலாம். 2015-ல வந்த ஒரு ஆய்வு, ஆந்திரா-கர்நாடகா எல்லைப்பக்கம் ஒரே ஒரு வியாபார மையம் வழியா மட்டும் ஒரு வருஷத்துல குறைஞ்சது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிபட்டுப் போனதா கணக்குச் சொல்லுது. 2018 நவம்பர்ல சிங்கப்பூர்ல இருந்து 51 ஆமைகள் விமானத்துல கர்நாடகாவுக்குத் திரும்பி வந்துச்சு. 2019-ல சர்வதேச வணிகத்துக்கே முழுத் தடை. ஒவ்வொரு ஆமையும் யாரோ ஒருத்தர் "ஒண்ணே ஒண்ணுதானே"ன்னு வாங்கினதுதான்.

ஆக, உங்க கையில இருக்குறது நட்சத்திர ஆமைன்னா பெட்டி டிசைனை மூடி வைங்க. வனச்சரக அலுவலகத்துல ஒப்படைங்க. தனியாப் போக பயமா இருந்தா ஒரு ஆசிரியரைக் கூட்டிட்டுப் போங்க. சுருளிப் பக்கமோ மேகமலைப் பக்கமோ கொண்டு போய் விட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. அது எந்த ஊர் ஆமைன்னு உங்களுக்குத் தெரியாது. அதோட சேந்து என்ன நோய் போகும்னும் தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குன்னே சொந்தமா திருவிதாங்கூர் ஆமை இருக்கு, அதை நாம கெடுக்க வேண்டாம்.

சரி, சட்டப்படி வளர்க்க முடியுற ஆமையே இல்லையா? இருக்கு. இப்ப ஓடுறது சல்கேட்டா, ஆப்பிரிக்காவுல சஹாராவுக்குத் தெற்கே இருந்து வர்ற இனம். 2024-ல வந்த விதிகள்படி இதைப் பரிவேஷ் 2.0 தளத்துல பதிவு பண்ணணும். கைக்கு வந்து 30 நாளுக்குள்ள. (மீன் தொட்டிக் கடைகள்ல விக்கிற, கன்னத்துல சிவப்புக் கோடு போட்ட குட்டி ஆமை வேற. அது தண்ணி ஆமை, பெட்டி கதையே அதுக்கு ஆகாது. வளந்ததும் வாய்க்கால்ல விடுறாங்க, அது நம்ம ஆறு குளத்தையே பிடிச்சுக்கும்.)

பதிவு எண் இருக்கா? இப்ப பெட்டியைப் பத்திப் பேசலாம்.

முதல் தப்பு, கண்ணாடித் தொட்டி. ஆமைக்குக் கண்ணாடின்னா என்னன்னு புரியாது. வெளிய தெரியுதே, ஏன் போக முடியலன்னு நாள் முழுக்க முட்டிக்கிட்டே இருக்கும். பழைய மரப் புத்தக அலமாரியை மல்லாக்கப் படுக்க வச்சு, நடுத்தட்டுகளைக் கழட்டினாலே அருமையான பெட்டி. 4 அடிக்கு 2 அடி, குட்டிக்கு ஆரம்பத்துக்குப் போதும். தரையில செம்மண்ணும், நல்லா அலசின தென்னை நார்க்கழிவும் கலந்து நாலு விரக்கடை ஆழத்துக்கு. நார்க்கழிவுக்கு நம்ம பள்ளத்தாக்குல பஞ்சமா என்ன? அந்த ஈரம் முக்கியம். பாலைவன ஆமைதானேன்னு காய வச்சு வளத்தா ஓடு கூம்பு கூம்பா மேடு தட்டிடும். சல்கேட்டா குட்டிகளை வச்சு 2003-ல வந்த ஆய்வுல, சாப்பாட்டுல இருக்குற புரதத்தைவிட காத்துல இருக்குற ஈரப்பதம்தான் இதுக்குப் பெரிய காரணம்னு கண்டாங்க.

அடுத்தது வெளிச்சம். ஜூனியர் ஜன்னல் ஓரமா வச்சா வெயில் வரும்னு சொன்னான். யுவி-பி கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. அது தோல்ல படலைன்னா வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் எலும்புல சேராது, கொஞ்சம் கொஞ்சமா ஓடு மெத்துன்னு ஆயிடும். சாதா டியூப்லைட், எல்இடி எதுலயும் அது கிடையாது. ஊர்வனவற்றுக்குன்னே வர்ற யுவி-பி டியூப் வேணும். அதுவும் எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் சுமார் ஒரு வருஷத்துல யுவி-பி வத்திப்போகும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது.

அப்புறம் நம்ம டிபார்ட்மெண்ட் வேலை. ஒரு முனையில விளக்குக்கு அடியில 33-35 டிகிரி, மறு முனையில 25-26. ஆமை தானே நடந்து தனக்கு வேண்டிய சூட்டைத் தேடிக்கும். பெட்டி முழுக்க ஒரே டெம்பரேச்சர் வச்சு "துல்லியமா கண்ட்ரோல் பண்ணிட்டேன்"னு ரிவ்யூல காட்டினா, ஆமைக்கு ஓடி ஒளிய இடம் இல்லாம பண்ணிட்டீங்கன்னு அர்த்தம். இன்னொன்னு, ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்? கோட் 'ஆஃப்'னு சொல்லும், விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், நீங்க கேண்டீன்ல இருப்பீங்க. அதனால சீரியஸ்ல ஒரு சாதா பைமெட்டல் கட்-ஆஃப் கட்டாயம். ஆர்டுயினோவை நம்பி உயிரை விடாதீங்க.

ஆனா உண்மையைச் சொல்லட்டுமா? இது தேனி. உத்தமபாளையத்துல மொட்டை மாடியில காலையில ஒரு மணி நேரம் நிழலும் வெயிலும் கலந்து விட்டா, எந்த டியூப்பும் குடுக்காததை சூரியன் சும்மா குடுக்கும். லண்டன்ல இருக்குறவனுக்கு அந்தப் பெட்டி அவசியம். நமக்கு அது பாதி நேரம் ப்ராஜெக்ட் ஆசைதான். மழை நாளுக்கும் ராத்திரிக்கும் வச்சுக்கோங்க, போதும். சாப்பாடும் இங்கயே கிடக்கு: புல், செம்பருத்தி, மல்பெரி இலை, முள்ளு நீக்கின சப்பாத்திக்கள்ளி. கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சதுன்னு பெருமையில அதை ஊட்டி விடாதீங்க, அவ்வளவு சர்க்கரை அதுக்கு ஆகாது. தோட்டத்து திராட்சை இலையும் வேண்டாம், மருந்து அடிச்சிருப்பாங்க.

எனக்கு உறுத்துறது வேற கணக்கு. உள்ளங்கையில அடங்குற சல்கேட்டா, 80 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். ஆண் 50 கிலோவைத் தாண்டும். 70 வருஷம்கூட வாழும். மண்ணைத் தோண்டி வளை போடும். உங்க அலமாரிப் பெட்டி ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம். உங்க டிகிரி நாலு வருஷம். பிளேஸ்மெண்ட் கிடைச்சு பெங்களூர் பிஜி-யில கட்டில் போட்டுப் படுக்குறப்போ, அது எங்க இருக்கும்? அம்மாகிட்டயா? அம்மாவைக் கேட்டீங்களா?

ஜூனியரோட ஆமை இப்ப வனத்துறைகிட்ட இருக்கு. ஒப்படைச்சுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி அவன் மெஸ்ஸுக்கு வரல. செஞ்சு வச்ச பெட்டி ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கீழ அப்படியே கிடக்கு, பைமெட்டல் கட்-ஆஃப் சகிதம். வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம். வரும்போது பதிவு எண்ணும் அம்மாவோட சம்மதமும் கொண்டு வாங்க.