அஞ்சு பேர், ஜீரோ ரத்தக்கசிவு... வேலூர் ஹீமோபிலியா ஆய்வை எப்படிப் புரிஞ்சுக்கிறது?

ஹீமோபிலியான்னதும் 'கத்தி பட்டா ரத்தம் நிக்காது'ங்கிறதுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா, இந்த நோய் ஆளை முடக்குறது பெரும்பாலும் உள்ளுக்குள்ளே. அடியே படாமல்கூட முழங்கால், கணுக்கால் மூட்டுக்குள் ரத்தம் கசியும். திரும்பத் திரும்பக் கசிந்தால் மூட்டு தேய்ந்து, மடக்கவே முடியாமல் போகும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில நாள் முழுக்க நின்னு வேலை பார்க்கிற ஒருத்தருக்கு முழங்கால் போச்சுன்னா, வேலையும் போச்சு.

ஹீமோபிலியா 'ஏ' இருப்பவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் போதுமான அளவு சுரக்காது. அதை ஊசியில் ஏத்தணும். சில நாளில் தீர்ந்துடும், மறுபடியும் ஊசி. ஆயுசு முழுக்க இதே கதைதான்.

வேலூர் சி.எம்.சி-யில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் செய்த ஆய்வு இங்கேதான் முக்கியமாகுது. 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அது வெளியானது. அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் இதில் கூட்டு. நோய் தீவிரமாக இருந்த 5 பேரின் ஸ்டெம் செல்களை எடுத்து, வைரஸ் ஒன்றை வாகனமாக்கி ஃபேக்டர் 8 ஜீனை அதில் ஏற்றி, திரும்ப அவங்க உடம்புக்கே செலுத்தினாங்க. அஞ்சு பேரின் கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதங்கள். அதில் ஒரு ரத்தக்கசிவுகூட இல்லை!

'நோய் குணமாச்சு'ன்னு ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. அஞ்சே பேர்தான். ஃபேக்டர் அளவும் ஆளுக்கு ஆள் ரொம்ப மாறுது. புது செல்களுக்கு இடம் கொடுக்க, முதலில் கடுமையான கீமோதெரபி தரணும். அது பின்னாளில் குழந்தைப்பேறைப் பாதிக்கலாம். கல்யாணமாகாத இளைஞர் சுலபமா தலையாட்டுற விஷயமா இது?

இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இருக்கு. காரணம் விலை. அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற 'ராக்டாவியன்' ஜீன் சிகிச்சைக்கு அப்போது வெச்ச விலை 29 லட்சம் டாலர். நம்ம பணத்தில் 20 கோடிக்கும் மேல! இங்கேயே செய்யக் கத்துக்கிட்டால்தான் விலை குறைய வழி பிறக்கும்.

அது வர்ற வரைக்கும் ஒரு விஷயம். மூட்டு வீங்கினா சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவிவிடுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு. ஹீமோபிலியா இருக்கிற பையனுக்கு அதைச் செய்யாதீங்க, கசிவு அதிகமாகும். ஆஸ்பிரினும் வேண்டாம். அசைக்காம ஐஸ் வெச்சு, ஃபேக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிட்டுப் போங்க.