காதும் காதும் வைத்து விற்கிற வீடு

காட்டுமன்னார்கோயிலில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்ற சேதி உங்கள் காதுக்கு வரவேண்டுமென்றால், முதலில் உங்கள் காது சரியான காதாக இருக்க வேண்டும். வாசலில் போர்டு தொங்காது. ஓஎல்எக்ஸில் படம் வராது. தினசரியின் வரி விளம்பரத்திலும் இருக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கும் தரகர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு இடம் இருக்கு. பார்ட்டி வெளிய தெரிய வேணாங்கறாங்க. நம்மாளுங்கறதால உங்ககிட்ட சொல்றேன்" என்பார். இதில் 'நம்மாளு' என்ற சொல்தான் முழு வேலையையும் செய்கிறது. மற்றதெல்லாம் அதன்மேல் போர்த்திய துண்டு.

காதும் காதும் வச்ச மாதிரி முடிக்கிறது என்று இதற்குப் பெயர். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. கௌரவமான குடும்பம் கௌரவமாக வீட்டை விற்கும் முறை என்றே சொல்கிறார்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, அப்பா போன பிறகு ஊர் வீட்டைக் கழித்துவிட நினைக்கும் என் வயதுக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். நீங்களும் செய்யப்போகிறீர்கள், அல்லது உங்கள் அண்ணன் செய்யப்போகிறான். அதனால்தான் உங்களிடம் சண்டைக்கு வருகிறேன்.

ஏன் வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டால் காரணங்கள் தயாராக இருக்கும். கண்ணு படும். பங்காளி கெடுத்துவிடுவான். கடன்காரன் வாசலில் வந்து நிற்பான். கண்ணை விட்டுவிடுவோம், அதோடு வாதாட முடியாது. பங்காளிக்கும் கடன்காரனுக்கும் பிறகு வருகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது மானம். வீட்டை விற்கிறான் என்றால் நொடித்துப்போய்விட்டான் என்று ஊர் பேசும். வாங்குகிறவன் பால் காய்ச்சும்போது தெருவையே கூப்பிட்டு இலை போடுவான். விற்றவன் ராத்திரியோடு ராத்திரியாகச் சாமான் ஏற்றுவான். மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் படிப்பு, வயதானவருக்கு ஆபரேஷன், இல்லையென்றால் ஊரில் இருக்க யாருமில்லை. ஒரு குடும்பம் வீட்டை விற்க இதைவிட வேறு என்ன காரணம் இருந்துவிடப் போகிறது? இதில் தலைகுனிய என்ன இருக்கிறது?

அந்த மானத்துக்கு நாம் கொடுக்கும் விலையைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரே ஒரு ஆள் வந்து பார்க்கும் வீட்டுக்கு அந்த ஆள் சொல்வதுதான் விலை. வெளியே தெரியக் கூடாது என்று நீங்கள் சொன்னதே அவனுக்கு ஒரு துப்பு. அவசரம் போல, இறங்கி வருவாங்க என்று கணக்குப் போட்டுக்கொள்வான். தரகருக்கோ இது அறுவடை. விற்கிறவரிடம் ஒரு தொகை, வாங்குகிறவரிடம் இன்னொரு தொகை. நடுவில் நிற்பது அவருக்கு, கமிஷன் அதற்குமேல். இன்னும் கெட்டிக்காரர்கள் கிரய ஒப்பந்தம் போட்டு, கையில் கொஞ்சம் அட்வான்ஸைத் திணித்து, ஆறு மாதம் கெடு வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கெடுவுக்குள் அதே வீட்டை மூன்றாவது ஆளிடம் ஏற்றிப் பேசி, பத்திரத்தை நேராக அவர் பெயருக்கே எழுதச் சொல்வார்கள். ஏற்றிய காசு யார் மடிக்குப் போனது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவான புதிய திட்டங்களில் விற்றுத்தரும் தரகர்களைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. நம் தெருவின் பழைய ஓட்டு வீட்டைக் கைமாற்றிவிடுகிறவர் அதற்குள் வரமாட்டார். அவரைக் கட்டுப்படுத்தக்கூடியது ஒன்றுதான். விலை நாலு பேருக்குத் தெரிந்திருப்பது. அதைத்தான் நாமே மூடி வைக்கிறோம்.

இதே ஊரில் சொத்து விற்றதை ஒளிக்காமல் கல்லில் வெட்டிவைத்த கதையும் உண்டு. உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டைச் சொல்கிறேன். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கும் படமாகப் பார்த்தவர்களுக்கும் அந்தப் பெயர் பழக்கம்தான். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களின் பெயர் அதில் இருக்கிறது. கொலைக்கு யார் காரணம் என்று யூடியூபில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், அந்தக் கல்வெட்டு எதைப் பதிவு செய்ய வெட்டப்பட்டது என்று கவனிப்பதில்லை. அது ஒரு சொத்துப் பத்திரம். துரோகிகளின் பிள்ளைகள், தாய்மாமன்மார், அந்த வீட்டில் பெண் எடுத்தவர்கள் வரை எல்லாரது உடைமைகளைப் பற்றியும் முதலாம் ராஜராஜனின் ஆணை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வருகிறது. அப்படி விலைக்கு வந்த நிலத்தையும் அகமனைகளையும் வியாழகஜமல்லன் என்ற பல்லவரையன் வாங்கிக் கோயிலுக்கு அறமாகக் கொடுக்கிறான். ஆணையின் காலத்தையும் பொருளையும் பற்றி ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு, அது தனிக்கதை. யாருடையது, யார் விற்றது, யார் வாங்கியது, எதற்காக என்று எல்லாம் சுவரில் இருக்கிறது. வாங்க ஆள் உண்டா என்று விற்கிறவர் கூவிக் கேட்பதும், நான் வாங்குகிறேன் என்று ஒருவர் எதிர்மொழி சொல்வதும் பழைய தமிழ் விற்பனை ஆவணங்களில் வழக்கமாக வருகிற வாசகம்.

சோழர் பெருமை பேச இதை எடுக்கவில்லை. அதைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சபை பிராமணர்களின் சபை. அந்தக் காலக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. கூவியது சேரிக்கும் கேட்டிருக்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு எல்லார் காதிலும் விழுந்தது, சிலர்தான் வாங்க முடிந்தது. இன்றைக்குச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதனால் சிலர் காதில் மட்டும் விழும்படி பார்த்துக்கொள்கிறோம்.

'நம்மாளு' என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். நம் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஜாதி உண்டு. எந்தத் தெரு என்று சொன்னால் ஆள் யார் என்று சொன்ன மாதிரி. அந்தத் தெருவில் ஒரு வீடு கைமாறும்போது தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. "யாருக்குக் குடுக்கப்போறீங்க?" என்ற கேள்வி "எவ்வளவுக்கு?" என்ற கேள்விக்கு முன்னால் வருகிறது. லால்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் வளைகுடா சம்பாத்தியத்தை வைத்துக்கொண்டு வீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு வேலை கிடைத்து, பேங்க் லோன் கிடைக்கும் நிலைக்கு வந்து, காலனியைவிட்டு வெளியே ஒரு வீடு வாங்க நினைக்கும் தலித் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். முழுப் பணமும் வெள்ளையாகத் தரத் தயாராக இருப்பவர்கள். ஆனால் அவர்கள் வீடு தேடும் பருவத்தில் ஊரில் ஒரு வீடும் விற்பனைக்கு இருப்பதில்லை. அடுத்த மாதம் பார்த்தால் ரெண்டு வீடு கைமாறியிருக்கும்.

காட்டுமன்னார்கோயில்காரரான எல். இளையபெருமாளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. மக்களவை உறுப்பினராக இருந்த அவர் தலைமையில்தான் 1965இல் தீண்டாமை பற்றி ஆராயும் குழு அமைந்தது. 1969இல் அறிக்கை வந்தது. அதன் தொடர்ச்சியாக 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், கடை, சுடுகாடு என்று போகும் பட்டியலில், எந்த வட்டாரத்திலும் குடியிருக்க வீடு கட்டுவதும், பெறுவதும், அதில் வசிப்பதும் இருக்கிறது. தீண்டாமையின் பேரால் அதைத் தடுப்பது குற்றம். நம்மூர் மனிதர் ஒருவர் நாடெல்லாம் அலைந்து பல் கூர்மையாக்கிய சட்டம் அது.

அந்தச் சட்டத்தைத் தாண்ட நம்மூர் கண்டுபிடித்த வழிதான் இந்தக் காதுவழி வியாபாரம். தடுத்தால்தானே குற்றம்? மறுத்தால்தானே கேஸ்? வீடு விற்பனைக்கு வந்ததே தெரியாதவரை யாரும் மறுக்க வேண்டியதில்லை. மறுப்பு இல்லை, சாட்சி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. எல்லாம் நாகரிகமாக முடிந்துவிடுகிறது. விற்றவருக்கும் மனசாட்சி சுத்தம்: "அவங்க வந்து கேக்கவே இல்லையே!"

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்பவர்களுக்கு: ஆமாம், சில ஊர்களில் வெளிப்படையாகவே நடக்கிறது. அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று, வீட்டைப் பார்சிக்குத்தான் விற்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2005இல் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆனாலும் அங்கே விதி எழுத்தில் இருந்தது, ஒருவர் அதை எதிர்த்து நீதிமன்றம் வரை போக முடிந்தது. காட்டுமன்னார்கோயில் தரகரின் துண்டுக்கடியில் இருக்கும் விதியை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது? அமெரிக்காவில் தரகர்கள் பொதுப்பட்டியலில் போடாமல் தங்கள் வட்டத்துக்குள்ளேயே வீடு விற்பதை, சட்டைப்பைக்குள் வைத்து விற்பது என்கிறார்கள். கறுப்பின மக்களை வெளியே நிறுத்த இது வசதியான வழி என்ற குற்றச்சாட்டு அங்கேயும் உண்டு. ஒரு வீட்டை வெளியே விளம்பரப்படுத்திவிட்டால், அடுத்த ஒரு வேலைநாளுக்குள் பொதுப்பட்டியலில் ஏற்றிவிட வேண்டும் என்று அவர்களின் தரகர் சங்கமே 2019இல் விதி கொண்டுவந்தது. அந்த விதியைப் பற்றி இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நம்மிடம் பொதுப்பட்டியலே கிடையாது. எல்லாமே சட்டைப்பைதான்.

பங்காளிக்கு வருவோம். பங்காளி கெடுத்துவிடுவான் என்று சொல்லும்போது, பல வீடுகளில் அந்தப் 'பங்காளி' கூடப் பிறந்த அக்காவாகவோ தங்கையாகவோ இருக்கிறாள். தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுக்க வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்று முடித்துவைத்தது. ஆனால் விருத்தாசலத்தில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு ஊர் வீடு விலைபேசப்படுவது எப்போது தெரிகிறது? "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு" என்று விடுதலைப் பத்திரத்தோடு கூப்பிடும்போது. விலை எவ்வளவு என்று கேட்டால், "உனக்கு ஏன் அதெல்லாம், சீர் செய்யலையா?" என்று ஒரு முறைப்பு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வாரிசுகளாக வந்த சொத்தில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால் மற்ற முதல்நிலை வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு என்கிறது. அக்காவே வாங்கியிருக்கலாம். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ரகசியத்தின் முதல் செலவு வீட்டுக்குள்ளேயே விழுகிறது.

கடன்காரரை ஏமாற்றவென்று விற்ற கிரயத்தை 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் அவரே உடைக்கலாம், அதனால் அந்தக் காரணமும் நிற்காது. உண்மையில் கிரயம் என்பதையே சட்டம் பொதுக்காரியமாகத்தான் வைத்திருக்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் மனுப்போட்டுப் பார்க்கலாம். வில்லங்கத்தை இப்போது வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கிறோம். ஆக, ரகசியம் நிற்பது பத்திரம் முடியும் நாள் வரைக்கும்தான், அதாவது வேறு யாராவது வாங்கியிருக்கக்கூடிய அந்தச் சில வாரங்கள். அதற்குப் பிறகு பார்த்தாலும் உண்மை விலை கிடைக்காது. வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையை எழுதிவிட்டு, மிச்சத்தை மஞ்சள் பையில் கொடுத்திருப்பார்கள். வீடு விற்பதில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015லேயே சொல்லிவிட்டது, யார் கேட்டார்கள்? அடுத்து அதே தெருவில் விற்கப்போகும் விதவைத் தாயாருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நேர்மையான எண்கூட இல்லை. தரகர் சொல்வதுதான் எண்.

ரகசியம் தேவைப்படுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. தனியாக இருக்கும் வயதான அம்மா, போர்டு மாட்டிவிட்டு வருகிறவன் போகிறவனையெல்லாம் வீட்டுக்குள் விடத் தேவையில்லை. ஜாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகளுக்காக ஊரைவிட்டே கிளம்பும் குடும்பம் கமுக்கமாக விற்றுவிட்டுப் போகட்டும், அவர்களுக்கு உயிர் பயம். பலமில்லாதவர்கள் தங்களைக் காத்துக்கொள்ள எடுக்கும் மறைப்பு அது. நான்கு தலைமுறையாகத் தெருவில் நாட்டாமை செய்த குடும்பத்துக்கு எந்தப் பயம்?

போர்டு மாட்டினால் மட்டும் தலித்துக்குக் கொடுத்துவிடுவார்களா என்று நண்பன் ஒருவன் கேட்டான். பல பேர் கொடுக்க மாட்டார்கள்தான். ஆனால் அப்போது வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்ல வேண்டும். எண்பது லட்சம் தருகிறேன் என்று வாசலில் நிற்கும் ஆளிடம், அறுபதுக்கு நம்மாளுக்குத்தான் கொடுப்பேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு போனில் அந்த இருபதை விளக்க வேண்டும். சொல்பவர்கள் சொல்லட்டும். எல்லாராலும் முடியாது. முடியாதவர்களில் ரெண்டு பேர் விற்றுவிட்டாலே தெருவின் பெயர் மாற ஆரம்பித்துவிடும். தெருவுக்குப் பயம் அதுதான்.

ஒரு தகரம், கொஞ்சம் பெயிண்ட். வீடு விற்பனைக்கு, இத்தனை சதுரடி, பத்திரம் சரியாக இருக்கிறது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். நம்பர் ஊரில் இருக்கும் அம்மாவுடையதாக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும். மாட்டுவதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு போன், கூடவே ஒரு பதிவுத் தபால். மாட்டிய அன்றைக்குச் சாயங்காலமே எதிர்வீட்டு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "என்ன தம்பி, போர்டெல்லாம் தொங்குது? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்பார். "ஆமாண்ணே, விக்கிறோம். உங்களுக்கு வேணும்னா விலை சொல்லுங்க. வேணாம்னா யாருக்கு வேணாலும் சொல்லிவிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்புங்கள்.