மூன்று வருடத்துக்கு ஒரு வீடா?

ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர், டாக்டர், காவலூர் வானாய்வு நிலைய ஊழியர் பலருக்கும் ஓர் ஆசை வரும். ஜமுனாமரத்தூரில் குளுகுளு காற்று. சுத்தமான தேன். "வாடகையை ஏன் வீணாக்க வேண்டும்? ஒரு வீடு வாங்கிவிடுவோமே!" என்று வீட்டில் பேச்சு எழும்.

வேண்டாம் என்பேன். கணக்குப் பாருங்கள்.

10 லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை மட்டும், நூற்றுக்கு 7 வீதம், 70 ஆயிரம். பதிவுக் கட்டணம் தனி. முழுவதும் கடன், 9 சதவீத வட்டி என்றால் முதல் வருட வட்டியே ஏறக்குறைய 90 ஆயிரம். மாதம் 3 ஆயிரம் வாடகை கொடுத்தாலும் வருடத்துக்கு 36 ஆயிரந்தான்! மூன்றாம் வருடம் மாற்றல் உத்தரவு வந்தால்? அவசரமாக விற்பவருக்கு நல்ல விலை ஏது?

இன்னொன்று. இது மலையாளிப் பழங்குடியினரின் பூமி. (கேரளத்தார் அல்ல, மலைவாழ் மக்கள்.) சுற்றிலும் காப்புக்காடு. அரசு ஒப்படை செய்த நிலமானால், பட்டாவில் நிபந்தனை இருக்கும். அதை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் உங்கள் பணமும் போகும். அவர் பாட்டன் நிலமும் போகும்.

காலமெல்லாம் இங்கேயே இருக்கப் போகிறவர் கதை வேறு. அவரும் தாலுகா அலுவலகத்தில் பட்டாவைக் காட்டி விசாரித்து, வில்லங்கச் சான்றும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கட்டும்.